குளவியாரும் உப்புநீர்க் குழிகளும்

வாசகர்களே, மனிதரில் ‘ஒற்றைக் காரணக்காரர்’ என்றொரு இனம் உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்வார். சிலருக்கு அது வெயில். சிலருக்கு மருமகள். இங்கே வரப்போகிறவருக்குக் குளவி விஷம்.

ஆய்வுக்கூடத்தில் அவர் பெயர் குளவியார், முதுகுக்குப் பின்னால்தான். பதினெட்டு வருடமாகக் குளவி விஷத்திலுள்ள ஒரு சின்னப் புரதத் துண்டையே கட்டிக்கொண்டு அழுதவர். அதன் சாமர்த்தியத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். செல்லின் சுவரில் அழைப்பு மணி ஒன்று இருக்கிறதாம். உரிய ஆள் வந்து அழுத்தினால்தான் உள்ளே தூங்கும் காவல்காரப் புரதம் எழும், செய்தி போகும், செல் தன் சரக்கை வெளியே கொட்டும். இந்த விஷத் துண்டோ மணியைத் தொடுவதே இல்லை. சுவருக்குள் புகுந்து காவல்காரரை நேராகக் கிள்ளி எழுப்பிவிடும். உத்தரவு வந்துவிட்டதென்று நம்பி, அந்த ஏமாளிச் செல் மூட்டை மூட்டையாகக் கட்டிவைத்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டும். அதுதான் நமக்கு அரிப்பு, வீக்கம். நல்ல கதைதான். ஆனால் சம்பந்தி கோபித்துக்கொண்டு போனதற்கும், மனைவி கண்ணைக் கசக்கியதற்கும் இதே கதையா?

“யாரோ மணி அடிக்காம உள்ள புகுந்து கிள்ளிட்டாங்க” என்பார்.

“அது நீங்கதான்” என்பார் மனைவி.

விஷத் துண்டைப் பாதியாக வெட்டினாலும் அதே வேலையைச் செய்யும் என்று குளவியார் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஒன்றரை வருட உழைப்பும், இரண்டு முறை கைநழுவிய பதவி உயர்வும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. மத்தியானம், அவரிடம் பல வருடமாக வேலை பார்க்கும் ஆய்வுக்கூட அம்மாள், காலையில் குளவியார் தம் கைப்படச் செய்த சோதனைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தட்டு நிறையச் சின்னக் குழிகள், குழி நிறையச் செல்கள். சிலவற்றில் வெட்டிய துண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலவற்றில் வெறும் உப்புநீர்.

“சார், உப்புத்தண்ணி ஊத்தின குழியிலயும் செல்லு அதே அளவுக்குக் கொட்டியிருக்கு.”

குளவியார் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பில் கலப்படம் என்றார். ஏசி சரியில்லை என்றார். பக்கத்துக் குழியிலிருந்து விஷம் தாவியிருக்கும் என்றார். தவளையா அது, தாவுவதற்கு?

“நீங்க ஊத்தறப்ப பீச்சி அடிக்கிறீங்க, சார். அந்த அடியிலயே செல்லு உடைஞ்சு போகுது.”

தன் கைவேகத்தைப் பற்றி விருந்தாளிகளிடமெல்லாம் பெருமையடித்தவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? எங்கே, செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். அம்மாள் புதுத் தட்டு எடுத்து, குழியின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். அரை மணி கழித்துப் பார்த்தால், முழு விஷத் துண்டு விட்ட குழியில் செல்கள் தாராளமாகக் கொட்டியிருந்தன. உப்புநீர்க் குழி சும்மா இருந்தது. வெட்டிய துண்டு விட்ட குழியும் சும்மா இருந்தது.

குளவியார் நாற்காலியில் சரிந்தார். ஒன்றரை வருடம்! கல்லும் கரையும் அந்தக் காட்சியைப் பொறுக்காமல் அம்மாள் தேநீர் வாங்கிவரப் போனார். திரும்பி வந்தால், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர்ச்சியாகக் கட்டுரைக்குப் புதுத் தலைப்பு அடித்துக்கொண்டிருந்தார்: ‘செல்களை அமைதிப்படுத்தும் அரிய குளவி விஷத் துண்டு.’

“உப்புத்தண்ணியும்தான் சார் அமைதியா வச்சிருந்துச்சு.”

“உங்களுக்கு எதுலயும் குறைதாம்மா தெரியும்” என்று வருத்தத்துடன் சொல்லிவிட்டு, கட்டுரையை அனுப்பியே விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்களுக்குத் தலைவலி வந்தபோது, மைத்துனர் வந்துபோனதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னீர்களே, அவர் வராத நாட்களில் எத்தனை நாள் தலை வலித்தது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இல்லையா? அதற்கும் மைத்துனர்தான் காரணமோ?