நாகப்பட்டினத்துத் திமிங்கலமும் என் மாமனாரும்

காதல் கல்யாணத்தில் மனைவி முதலிலேயே கிடைத்துவிடுவாள். மாமனார் கிடைப்பதற்குத்தான் நாளாகும். எங்கள் தலைப்பொங்கல் வந்து போன பிறகும் என் மாமனார் என்னை ஒரு தடவைகூட ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடவில்லை. ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் ‘சார்’ என்பார். (அந்த ‘சாரு’க்குப் பதிலாக என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.) அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மன்னார்குடிப் பக்கம் விவசாயி. வாய்க்காலில் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடும்போது இறங்கி மதகுப் பலகையைத் தூக்குகிற ஆள். நான் தஞ்சாவூரில் ஏசி அறையில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன். “தண்ணியப் பாத்தாலே பயப்படுற ஆளு” என்று அவர் என்னைப் பற்றிச் சொன்னதாக என் மனைவி மலர் வந்து சொன்னாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“கடல்லயே நான் எத்தனையோ தடவ போயிருக்கேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்றேன்.

போனது வேளாங்கண்ணியில், முழங்கால் வரைக்கும். அதுவும் அலை திரும்பிப் போகிற நேரமாகப் பார்த்து.

மலர் அப்படியே போய்ச் சொல்லிவிட்டாள். “அப்ப நம்மளயும் ஒரு நாள் கூட்டிட்டுப் போகச் சொல்லு” என்று பதில் வந்தது.

என்னோடு படித்த ஜோசப் நாகப்பட்டினத்தில் சொந்தமாகப் படகு வைத்திருந்தான். சம்பா அறுவடை முடிந்து மாமனார் ஓய்வாக இருந்த மாசி மாதத்தில், ஒரு நாள் முழுக்கக் கரையோரமாகவே சுற்றிக் காட்டுவதாகச் சொன்னான். “திமிங்கலம்கூட வரும்டா, போன வாரம் பாத்தேன்” என்றான். நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் அன்று காலையில் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

படகில் ஏறும்போது, “பாத்து மாமா, வழுக்கும்” என்று கை நீட்டினேன். அவர் என் கையைக் கவனிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டி ஒரே தாண்டில் ஏறிவிட்டார். என்னை ஜோசப்பும் மலரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை நான்கு பேரும் மாட்டிக்கொண்டோம். நான் மட்டும் முடிச்சை இரண்டு தடவை போட்டேன்.

மதியம் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஜோசப் காலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நான் மாமனாருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். காற்று இந்தப் பக்கம், நீரோட்டம் அந்தப் பக்கம். அவர் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, “பரவால்ல, தம்பிக்கு வெவரம் தெரியுது” என்றார். மலர் என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி என்று நினைத்தேன்.

ஜோசப் திடீரென்று இன்ஜினை அணைத்தான். “யாரும் அசையாதீங்க” என்றான்.

படகுக்குப் பக்கத்தில் கடல் கறுத்தது. மேகத்தின் நிழல் என்று நினைத்தேன். அந்த நிழல் மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பஸ் நிற்கும்போது புஸ்ஸென்று காற்று விடுமே, அப்படிப் பத்து பஸ் சேர்ந்து விட்ட மாதிரி ஒரு சத்தம். வானத்துக்குப் போன தண்ணீர் எங்கள் தலையில் வந்து இறங்கியது. அழுகின மீன் நாற்றம். இந்தப் பக்கம் வேண்டாம் என்று அந்தப் பக்கம் திரும்பினால் அங்கே இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது.

உலகத்தில் இவ்வளவு பெரிய உயிர் இருக்கலாம், ஆனால் என் பக்கத்தில் இருக்கலாமா? அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அடுத்து நடந்ததை மலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தயிர்சாதத் தூக்கைத் தாண்டினேனாம். அவளையும் தாண்டினேனாம். (கட்டின மனைவியை! இதை அவள் இன்னும் மறக்கவில்லை.) எனக்குச் சுயநினைவு வந்தபோது மெத்தென்று ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கைகளும் ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. அது மாமனாரின் கழுத்து. உட்கார்ந்திருந்தது அவர் மடியில்.

திமிங்கலங்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன, நிதானமாக முதுகை வளைத்தன, உள்ளே போயின. கடைசியாக ஒரு வால் எழும்பிச் சத்தமே இல்லாமல் இறங்கியது. கடல் மறுபடி வெறும் கடலாகிவிட்டது.

“மாப்பிள்ளை” என்றது ஒரு குரல்.

சத்தியமாக, யாரைக் கூப்பிடுகிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

“மாப்பிள்ளை, எறங்குங்க. காலு மரத்துப்போச்சு.”

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை! வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். அவமானத்தில் சட்டென்று எழப் பார்த்தேன், முடியவில்லை. என் இடுப்பை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

“நீங்க கைய எடுத்தாத்தான் மாமா நான் எறங்க முடியும்” என்றேன்.

அவர் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்று முதல் நான் மாப்பிள்ளைதான். அவர் கை நடுங்கியதை ஊரில் யாருக்கும் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். என் மடிக் கதைக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. அதை அவர் மன்னார்குடி முழுக்கச் சொல்லிவிட்டார்.

போன மாதம் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்திருந்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் எனக்கு முகம் வெளிறிவிட்டது. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த மாமனார் அதைப் பார்த்துவிட்டார். துண்டை ஒதுக்கித் தன் தொடையைத் தட்டினார். “பயமா இருந்தா இங்க வாங்க மாப்பிள்ளை” என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகுதான் கவனித்தேன், நான் பாதி எழுந்திருந்தேன்.