மீட்டருக்கு ஏழரைச் சனி

மனிதனுக்கு ஏழரைச் சனி பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மனைக்குத் தோஷம், மாட்டுக்குத் தோஷம் என்பவையும் பழைய செய்திகளே. ஆனால், மின்சார மீட்டருக்கும் ஏழரை பிடிக்கும் என்னும் பேருண்மையை உலகுக்கு முதலில் உரைத்த பெருமை குடவாசல் பக்கத்தையே சேரும். அந்தப் பெருமையைப் பறிக்கும் எண்ணம் நமக்குச் சிறிதும் இல்லை.

ரெங்கசாமியின் அரிசி ஆலை வாசலில் அன்று காலையிலிருந்தே கூட்டம். பைக்குகளின் வரிசை வாய்க்கால் மதகு வரை நீண்டிருந்தது. பந்தல், மைக் செட், பந்தலுக்கும் மைக்குக்கும் தனி ஜெனரேட்டர், வந்தவர்க்கெல்லாம் கேசரி. ஆளுயரப் பதாகையில் கோட்டும் சூட்டும் அணிந்த ஒருவர், நெற்றி நிறையக் குங்குமத்துடன், ஒரு காற்றாலையை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்துகள்: 'மின்சக்திப் பொருளாதார ஆலோசகர் டாக்டர் சாரங்கபாணி. லண்டன், துபாய், வலங்கைமான்.'

டாக்டர் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தந்தது என்று கேட்பது நாகரிகம் அன்று. ஆகவே ஊரார் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அன்னார் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி, போர்வெல் போடுவதற்கு நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிய இடமெல்லாம் உப்புத் தண்ணீராக வரவே, தேங்காயைச் சட்னிக்குக் கொடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறினார். மண்ணுக்கடியில் ஓடுவதைக் கண்ட கண்ணுக்குக் கம்பிக்குள் ஓடுவதைக் காண்பதா கடினம்?

அன்னாரின் முறை எளியது. மின் இணைப்பு கொடுத்த நாளையும் நேரத்தையும் சொன்னால் போதும். அந்த இணைப்புக்கு ஜாதகம் கணித்து, மீட்டர் எந்த ராசி, டிரான்ஸ்பார்மர் எந்த வீட்டில் நீசம் என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார். ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் மின்வாரியம் கூடுதல் கட்டணம் விதிக்கும் நேரத்துக்கு 'மின் ராகுகாலம்' என்று பெயரிட்டிருந்தார். கட்டணம் விதித்தது வாரியம். பழி மட்டும் ராகுவுக்கு. ரெங்கசாமியின் மீட்டருக்கு ஏழரை என்று கண்டு, அதைக் கழிக்கும் ஓமம் முடியும்வரை ஆலையை ஓட்டக்கூடாது என்றும் விதித்திருந்தார்; அன்றைய பந்தல் அதற்குத்தான்.

இத்தனை கோலாகலத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆலை முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய நெற்குவியலுக்கு அருகில் நின்றாள் மதிவதனி. அவளும் மின்சக்திப் பொருளாதார ஆலோசகர்தான். கும்பகோணத்தில் பொருளாதாரம் படித்து, சென்னையில் வேலை பார்க்கிறாள். எந்த ஊருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும், அதை எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும், கணிப்பு தவறினால் யார் தலையில் விடியும் என்பவற்றை ஆராய்ந்து சொல்லும் வேலை. இதைத் தன் தாய் காளியம்மாளுக்கு அவள் பலமுறை விளக்கியிருக்கிறாள். காளியம்மாள் அதைச் சுருக்கி ஊருக்கு அறிவித்திருந்தார்: "எம் பொண்ணு கரண்டுக்குக் கணக்குப்பிள்ளை."

அந்தக் கணக்குப்பிள்ளை உத்தியோகத்தின் சம்பளத்தில் வாங்கியதுதான் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம். ஊரார் வயலில் கூலிக்கு நடவு நட்ட காளியம்மாள், தன் வயலில் தானே அறுத்த குறுவை நெல்தான் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அறுத்த அன்றே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

"கையை விட்டுப் பாரு. அடுப்பு மாதிரி கொதிக்குது" என்றார் காளியம்மாள்.

மதிவதனி குவியலுக்குள் கையை விட்டாள். சுட்டது.

"கொள்முதல் நிலையத்துல இன்னிக்காவது என்னம்மா சொன்னாங்க?"

"இன்னிக்கும் ஈரம் கூடன்னு வண்டியைத் திருப்பி வுட்டுட்டானுவ. இந்த மில்லு டிரையர்ல காய வச்சா எடுத்துக்குவாங்க. முதலாளிகிட்ட மறுபடியும் கேட்டா, ஓமம் முடியாம சுவிட்சைத் தொட்டா மோட்டாரு புகைஞ்சிரும்ங்கிறாரு. இன்னிக்கு வுட்டா முளைச்சிரும்டி. அப்புறம் கோழிகூட மூஞ்சியத் திருப்பிக்கும்."

முந்தைய நாள் மாலையே மதிவதனி ரெங்கசாமியிடம் போய்ப் பேசிப் பார்த்திருந்தாள். அவர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். காளியம்மாளுக்குச் சொல்ல மறந்துவிட்டார். பிறகு அன்பொழுகக் கூறினார்: "நீ படிச்ச புள்ளதான் பாப்பா, இல்லேங்கல. ஆனா பெரிய டாக்டரு எழுதிக் குடுத்ததை நர்சு மாத்தலாமா?"

மதிவதனி நேரே டிரையர் ஓட்டும் ராஜ்குமாரிடம் போனாள். முந்தாநாளிலிருந்து வேலையின்றி ஈ ஓட்டிக்கொண்டிருந்த அவன், அவள் கேட்ட உதவியைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஓமத்துக்கு முன்னாடியே எடுத்துருவோம்க்கா. டிரையர்தான் நிக்குதே, ஒரு பய கவனிக்க மாட்டான்."

பந்தலில் சாட்சியம் தொடங்கியிருந்தது. கூத்தாநல்லூரில் ஆலை வைத்திருக்கும் ஃபாஜில் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஓமமெல்லாம் வேணாங்க, தகடு மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டுப்போயி மீட்டர்ல கட்டுனேன். அடுத்த பில்லு பாதி! சரி பாதிங்க!"

கைதட்டல் வானைப் பிளந்தது. அது ஓய்ந்ததும் கூட்டத்திலிருந்து மதிவதனி கேட்டாள்: "எந்த மாசம் கட்டுனீங்க பாய்?"

"வைகாசியிலம்மா."

"அப்ப மில்லு ஓடுச்சுங்களா?"

"வைகாசியில நெல்லு ஏது? பாதி நாளு பூட்டித்தானே..." என்ற ஃபாஜில் பாதியில் நிறுத்தினார். முகம் எதையோ யோசிக்கத் தொடங்கியது. ஆயினும் கூட்டம் இரண்டாம் முறையும் கைதட்டியது. நம்ப வந்தவர்களுக்குப் பில் பாதியானது மட்டுமே காதில் விழும். ஆலை பூட்டிக் கிடந்தது விழாது.

சாரங்கபாணி எழுந்தார். கேள்வி கேட்பவர்களை விலக்குவது சிறு வியாபாரிகளின் வழக்கம். அவரோ பெரிய வியாபாரி. "யாரு இந்தப் பொண்ணு?" என்றார். ரெங்கசாமி பெருமையோடு அறிமுகம் செய்தார்: "நம்ம காளியம்மா மவ. மெட்ராஸ்ல உங்க தொழில்தாங்க ஐயா."

"அடடே! வாங்கம்மா, மேடைக்கு வாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே துறை! நீங்க அங்க என்ன முறையில பாக்குறீங்க?"

"நாங்க ரொம்பச் சாதாரணமா பாக்குறதுங்க சார். ஒரு வைத்தியம் செஞ்சா, செய்யறதுக்கு முந்தி எப்படி, செஞ்சப்புறம் எப்படின்னு பாப்போம். வேற எதுனால மாறியிருக்கும்னும் பாப்போம். நீங்களும் ஓமத்துக்கு முன்னாடி ஒருவாட்டி, பின்னாடி ஒருவாட்டி அளந்து காட்டுனா எனக்கும் ஒரு பாடமா இருக்கும்."

"பேஷா!" என்றார் சாரங்கபாணி. சென்னையே சீடராக வந்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது.

ஆலைச் சுவரில் இரும்பாலான மீட்டர்ப் பெட்டி மூடியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளியே அவர் நின்றார். தெய்விகத்துக்கு இடைவெளி வேண்டுமாம். இடக்கையில் 'சக்திமானி' என்னும் பித்தளைத் தட்டு. அதன் நடுவில் ஒரு முள். பெரிய மோதிரம் அணிந்த வலக்கையைத் தட்டின்மேல் மெல்லச் சுழற்றினார். முள் துடித்துக்கொண்டு போய் 'தோஷம்' என்னும் எழுத்தின்மேல் நின்றது.

"பாத்தீங்களா? மூணு பேஸ்லயும் மூணு கிரகம்! சனி, செவ்வாய், ராகு. கரண்டு வருது, ஆனா கோவமா வருது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஓமம் தொடங்கியது. நெய்யும் பட்டும் நெருப்பில் விழுந்தன. அந்த நெருப்புக்குப் பத்தடி தள்ளி நெல் வெந்துகொண்டிருந்தது. காளியம்மாள் தார்ப்பாயைத் தூக்குவதும் மூடுவதுமாக இருந்தார். புகை அடங்கியதும் அன்னார் மீண்டும் தட்டை ஏந்தினார். வலக்கை இம்முறை மறுபக்கமாகச் சுழன்றது. முள் அடக்க ஒடுக்கமாக வந்து 'சுபம்' என்பதில் அமர்ந்தது.

"கிரகம் மூணும் இறங்கிடுச்சு! இப்ப இந்தப் பெட்டிக்குள்ள கரண்டு ஆடிப்பெருக்குக் காவேரியா ஓடுது!"

"ஓடுதுங்களா சார்?" என்றாள் மதிவதனி.

"கரை புரண்டு ஓடுதும்மா."

"மூணு பேஸ்லயுமா?"

"மூணுலயும்!"

"அப்ப டிரையரைப் போடலாங்களா?"

"தாராளமா! நானே சொல்றேன், போடுப்பா!"

ராஜ்குமார் பொத்தானை அமுக்கினான். டிரையர் அசையவில்லை. மீண்டும் அமுக்கினான். ஒரு முனகல்கூட இல்லை. மாலை போட்டுச் சந்தனம் பூசிய மோட்டார் புதுமாப்பிள்ளையைப் போல் மௌனமாக உட்கார்ந்திருந்தது.

மதிவதனி கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றியிருந்த மூன்று பியூஸ் கட்டைகளை எடுத்து, ஓமத் தாம்பாளத்தில், தேங்காய் மூடிகளுக்கு அருகில், ஒவ்வொன்றாக வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். விடிஞ்சதுலேர்ந்து இது மூணும் என் பையிலதான் இருக்கு. பெட்டியிலேர்ந்து மில்லுக்கு ஒரு சொட்டுக் கரண்டு போகல. முதல்ல கோவமா வந்தது எது? இப்ப கரை புரண்டு ஓடுறது எது?"

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பரவசத்துடன் எழுந்தார்: "கட்டை இல்லைங்கிறதைத்தான் ஐயா தோஷம்னு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காரு!" அவருடைய பக்தியை வணங்குவோம். வேறு என்னதான் செய்ய முடியும்?

"அது வந்து... நான் சொன்னது சூட்சும மின்சாரம்! கண்ணுக்குத் தெரியாது, கட்டைக்குக் கட்டுப்படாது!" என்றார் சாரங்கபாணி.

காளியம்மாள் தார்ப்பாயை விட்டுவிட்டு முன்னே வந்தார். "சூட்சும கரண்டுல எங்க நெல்லு காயுமாய்யா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பந்தல் முழுவதும் பரவியது. "பெட்டிக்குள்ள என்ன மாயம் பண்ணி வச்சிருக்கீங்க!" என்று சாரங்கபாணி பாய்ந்து மீட்டர்ப் பெட்டியில் கையை வைத்தார். 'டக்'கென்று மோதிரம் இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார்; வரவில்லை. இடக்கைத் தட்டிலிருந்த முள், விசுவாசமான நாயைப் போல், ஒட்டிய மோதிரத்தை நோக்கித் திரும்பி நின்றது.

"காந்தமாடா வச்சிருக்க?" என்று ஃபாஜில் உறுமினார். சாட்சி சொல்லக் கழற்றிக்கொண்டு வந்திருந்த தகட்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் எறிந்தார். 'ங்க' போய் 'டா' வந்துவிட்டால் லண்டனும் துபாயும் காப்பாற்றுவதில்லை. மோதிரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அன்னார் வலங்கைமான் திசையில் விரைந்தார்.

ராஜ்குமார் கட்டைகளைச் செருகினான். டிரையர் ஓடத் தொடங்கியது. தார்ப்பாயை உருவினார்கள். மேல் நெல் தப்பித்திருந்தது. அடி நெல்லில் வெள்ளை வெள்ளையாய் முளை.

காளியம்மாள் அதில் ஒரு கைப்பிடியை அள்ளி ரெங்கசாமியின் உள்ளங்கையில் கொட்டினார். அத்தனை ஆண்டுகளில் முதலாளிக்கு நேர் எதிரே, தலை நிமிர்ந்து, காளியம்மாள் நின்றது அதுதான் முதல் முறை.

"பாருங்க முதலாளி. இந்த நெல்லு பஞ்சாங்கம் பாக்கல. நனைஞ்சிச்சு, முளைச்சிடுச்சு."

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். "காளியம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி மதிவதனியிடம் கேட்டார்: "பாப்பா, இனிமே எந்த நேரத்துல மில்லு ஓட்டுறது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லேன்."

"ஈர நெல்லு வந்தா, வந்த நேரந்தாங்க ஐயா. காஞ்ச நெல்லு அரைக்கிறதுக்குக் கட்டணம் குறைஞ்ச நேரம். ரெண்டுக்கும் ராகுவைக் கேக்க வேணாம்."

பியூஸ் கட்டையைப் பிடுங்கினால் மோட்டார் அக்கணமே நின்றுவிடுகிறது. அதற்கு அவ்வளவு நேர்மை. மனிதனோ, தலைக்குள் கட்டையைப் பிடுங்கிய பிறகும், கைகூப்பியபடி ஓடிக்கொண்டேயிருக்கிறான். அடுத்த பதாகை ஊருக்குள் வருவதற்குள், அன்புகூர்ந்து அவரவர் கட்டை அவரவர் மண்டையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுமாறு மிக்க பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.