ஆறு பன்னிரண்டுக்குள்

மணி ஐந்து ஐம்பது. நாள்காட்டிப்படி சூரியன் மறைவது ஆறு பன்னிரண்டுக்கு. அதற்குள் மனைவியைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். பொழுது சாய்ந்த பின்னும் கோபம் நீடிக்கக் கூடாது என்பது வேதாகமத்தின் கட்டளை.

அவர் எடையளவு ஆய்வாளர். கடைத் தராசில் குன்றிமணி பிசகினாலும் முத்திரை குத்த மாட்டார். பதினெட்டு வருட இல்லறத்தில் இந்தக் கெடுவை ஒருநாளும் தாண்டியதில்லை.

காலையில் அவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "ஆண்டவரே, இந்தக் காலர் படியவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜெபம்னா முக்காடு போட்டு முழங்கால் போடணும். இது வெட்டி அரட்டை!" என்றார்.

அதோடு அவள் வாய் மூடிக்கொண்டது. அவரிடம் மட்டுமல்ல, ஆண்டவரிடமும் பேச்சில்லை. நாள் முழுக்க அவள் குரலில் ஓடிய வீடு, நின்றுபோன மின்விசிறி போலாகிவிட்டது.

சமையலறை வாசலில் நின்றார். "மன்னிச்சிடு."

அவள் திரும்பியபோது அவர் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

"என்னைக் கேட்டீங்களா, அந்த வாட்ச்சைக் கேட்டீங்களா?"

சரி, எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தார். காலை ஏழரை மணியளவில் தாம் உரைத்த சொற்களுக்கு வருந்துவதாக எழுதி, கையெழுத்திட்டு, பழக்கதோஷத்தில் 'நகல்: கோப்புக்கு' என்றும் சேர்த்துவிட்டார்.

"கோப்பு மன்னிச்சா போதும், போங்க" என்று தாள் திரும்பி வந்தது.

மைத்துனியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டார். "உங்க அக்காகிட்ட நீயாவது சொல்லும்மா."

"எதுக்கு மாமா? பஸ்ல அக்கா கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணினான்னு திட்டினீங்களே, அதுக்கா? இல்ல, காய்ச்சல்ல படுத்துக்கிட்டே பண்ணினதுக்குத் திட்டினீங்களே, அதுக்கா?"

மனைவி மறந்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. உள்ளே பாத்திரங்கள் இடித்துக்கொண்டன.

ஆறு பத்து. தரையில் மறைகிற சூரியன் உயரத்தில் நின்றால் இன்னும் சற்று நேரம் தெரியும் அல்லவா? மாடிக்குப் படி கிடையாது. பக்கத்து வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரிடம் ஏணி வாங்கிச் சாத்தி ஏறினார்.

"இன்னும் தெரியுது! இப்பவே மன்னிச்சிடு!" என்று மேலிருந்து கத்தினார்.

கீழே பதில் இல்லை. திரும்பினால் ஏணியும் இல்லை.

சூரியன் போனது. முதல் முறையாகக் கெடு தாண்டிவிட்டது. உட்காரக் கூடத் தோன்றாமல் நின்றபடியே புலம்பினார்:

"ஆண்டவரே, சூரியன் போகட்டும், விடும். அவ பேசாம எனக்கு இந்த வீடு புரியல. உம்மகிட்ட அவ பேசுறதைக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்குய்யா. பதினெட்டு வருஷமா முழங்கால் போட்டும் எனக்கு ஒரு வார்த்தை அப்படி வரலையே..."

கண்ணைத் துடைத்தபோது கைப்பிடிச் சுவரில் ஏணி வந்து சாய்ந்தது. கீழே மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் ஏணியைப் பிடித்தபடி பெயிண்டர்.

"நேரம் தாண்டிடுச்சு" என்றார்.

"தாண்டட்டும். பார்த்து இறங்குங்க" என்றாள் அவள்.

தரையில் கால் வைத்ததும் பெயிண்டரின் தோளைத் தட்டினார். "ஏணி விழுந்ததை நீங்க பார்த்தது நல்லதாப் போச்சு."

"விழலையே சார். அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க, 'அவரும் ஆண்டவரும் ஒரு பத்து நிமிஷம் தனியாப் பேசட்டும்'னு."