நியூட்ரல் அண்ணன் பிடித்த தட்டி

கோலார் தங்கவயலில் எத்தனை ஆழம் தோண்டினாலும் நியூட்ரல் அண்ணனைப் போன்ற பிடிவாதக்காரர் இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் எங்கள் இலவசப் படிப்பகத்தை நடத்துகிறார். எந்தக் கட்சி காலண்டர் கொடுத்தாலும் தலைவர் படத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் மாட்டுவார். நாளிதழ்களை அடுக்கி வைக்க மாட்டார். மேலே இருக்கும் பேப்பர் ஜெயித்தது போல ஆகிவிடுமாம். ஒருமுறை கட்சிக் கரை வேட்டியோடு வந்தவரிடம், “கரைய உள்ளார மடிச்சிக் கட்டிக்கினு உக்காருங்க” என்றார். அவரும் மடித்துக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

வார்டு தேர்தலில், எங்கள் படிப்பகத்திலேயே படித்து ஆளான செல்வி நின்றாள். ஆதரவு போர்டு வைக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் குதித்தோம்.

“நம்ம பொண்ணுண்ணா!”

“பூத்துல போய் ஓட்டு போடு. இங்க போர்டு வோணாம். அவளுக்குப் போடாதவன் இந்தப் படி ஏற கூச்சப்படக் கூடாது.”

செல்வி தோற்றாள். எங்களில் பாதிப் பேர் அண்ணனோடு பேச்சை நிறுத்தினார்கள். செல்வி மட்டும் மறுநாளே வழக்கம்போலப் படிக்க வந்துவிட்டாள்.

ஜெயித்த கவுன்சிலர் ஸ்கெலட்டன் குடியிருப்புப் பக்கம் சாக்கடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஒரு பேப்பர் எழுதியது. கவுன்சிலரின் ஆட்கள் இரண்டு பேர் படிப்பகத்துக்கு வந்தார்கள். “இந்தப் பேப்பர நாளையிலருந்து போடாதீங்க. கட்டடம் நகராட்சியோடது. சாவிய வாங்கிக்குவோம்.”

அவர்கள் போனதும், “நமக்குத்தான் அரசியலே வேணாமேண்ணா, எடுத்துடலாமே” என்றேன்.

அண்ணன் என்னை முறைத்தார். “யாரு ஜெயிக்கணும்னு சொல்றது நம்ம வேலை இல்ல. ஜனங்க எத படிக்கலாம்னு ஒருத்தன் சொல்ல வந்தா, அவன எதிர்க்கறதுதான் நம்ம வேலை. அதுக்கும் வாய மூடிக்கினு இருந்தா இன்னாத்துக்குப்பா படிப்பகம்? பரோட்டா கடை வச்சிடலாம்.”

மறுநாள் காலை நகராட்சி வாசலில் ஒரு தட்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். தமிழிலும் கன்னடத்திலும் ‘படிக்க விடுங்க’ என்று எழுதியிருந்தது. விஷயம் தெரிந்ததும் எதிர்க்கட்சிப் பையன்கள் கொடியோடு ஓடி வந்தார்கள். “அண்ணன் நம்ம பக்கம்!”

“கொடிய சுருட்டுங்க. நாளைக்கி நீங்க ஜெயிச்சி இதையே கேட்டாலும் நான் இங்கதான் நிப்பேன்.”

முணுமுணுத்துக்கொண்டே சுருட்டினார்கள். பிறகு செல்வி வந்தாள். கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்ட கடைக்காரர்களும் வந்து நின்றார்கள். நாங்கள் ஆசைப்பட்ட போர்டை மாட்டியிருந்தால் அவர்கள் தெரு முனையிலேயே திரும்பியிருப்பார்கள்.

மதியம் கவுன்சிலரே வெளியே வந்தார். “இன்னா சார், மானத்த வாங்கறீங்க?”

“உங்க பதில எழுதிக் குடுங்க. அந்தச் செய்திக்குப் பக்கத்துலயே ஒட்டறேன்.”

கவுன்சிலர் கூட்டத்தைப் பார்த்தார். அதில் தனக்கு ஓட்டுப் போட்டவர்களும் நிற்பதைப் பார்த்தார். சாவிப் பேச்சு அதோடு நின்றது. பதில் வந்து சேர்ந்தது, ஏகப்பட்ட எழுத்துப் பிழைகளோடு. திருத்தினால் உதவி செய்ததாகும், விட்டால் கேலி செய்ததாகும் என்று அண்ணன் நாளெல்லாம் தவித்தார். கடைசியில் கவுன்சிலரையே வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே திருத்த வைத்து ஒட்டினார்.

நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ஞாயிறு வந்தால் தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில் ஏறிவிடுகிறேன். அவரோடு வாதாடித் தோற்காத வாரம் எனக்கு முடிந்த மாதிரியே இருப்பதில்லை.