புளி போட்டுத் தேய்த்த சாக்ஸபோன்

எனக்கு வயது எண்பத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அந்த ஏழும் சேர்ந்து ஒரு வருஷத்தில் செய்த கூத்தை, என் சின்ன மாமனார் ஒருவரே ஒரு நாளில் செய்துவிடுவார்.

புத்தூரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பீப்பிக்காரர் என்றால் நாய்கூட வீட்டைக் காட்டும். கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவர். எங்கள் பக்கம் ஆந்திராவோடு இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அவரைக் கேட்டால், "எந்த ராஜ்யமா இருந்தா இன்னா, கல்யாணம் நின்னுடப்போவுதா?" என்பார்.

பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள், பழைய பிரெஞ்சு சாக்ஸபோன் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ரயில் ஏறிவிட்டார். நாலு நாள் ஆள் வரவில்லை. விற்கிறவர் வீட்டிலேயே உட்கார்ந்து, துளைகளின் மேலிருக்கும் ஒவ்வொரு மூடியாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாராம். குழாயின் வாயில் துண்டைத் திணித்து, மூடிகளை எல்லாம் அமுக்கிப் பிடித்து, பீடிப் புகையை உள்ளே ஊதி, எங்கே கசிகிறது என்று பார்த்தாராம். அந்த வீட்டம்மாள் தீப்பிடித்துவிட்டது என்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாளாம்.

யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பித்தளை. வாயோரம் பூவும் கொடியும் செதுக்கின வேலை. மேலெல்லாம் பழுப்பு. மடியில் கிடத்திக்கொண்டு, "இந்தப் பழுப்பு இருக்கே பொண்ணு, முப்பது வருசம் மூச்சு பட்ட நெறம்" என்பார். நான் கல்யாணமாகி வந்து மூன்று மாதம். எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது.

திருப்பதியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். அந்த ஊர்வலத்தில்தான் சாக்ஸபோன் முதல்முதலாக வெளியே போகவேண்டும். நன்றாக ஊதினால் பேண்டுக்கு அவர்தான் தலை. சொதப்பினால் அந்தப் பக்கம் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. கிணற்றடியில் விளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை தேய்ப்பதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். அவர் சவரத்துக்குப் போயிருந்தார். அழுக்கோடு கல்யாணத்துக்குப் போகலாமா என்று சாக்ஸபோனையும் எடுத்துத் தேய்த்தேன். உள்ளேயும் அழுக்கு இருக்குமே என்று அண்டாவில் முக்கினேன். தங்கமாக ஜொலித்தது. சந்தனம் குங்குமம் வைத்தேன்.

வந்தவர் எடுத்து ஊதினார். எருமை தண்ணீர் குடிக்கிற சத்தம் வந்தது. மூடிகளுக்கு அடியில் இருந்த தோலும் கம்பளியும் ஊறி, ஆப்பமாக உப்பிக் கிடந்தன. என் மாமியாருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டி கட்டி என்னைச் சத்தியவேட்டுக்கு, தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவாள்.

அவர் சாக்ஸபோனைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.

"சோறு துன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"போய் துன்னு. அப்பறம் கத்திரிக்கோல் எடுத்துக்கினு வா."

தன் கம்பளிக் கோட்டின் பின்பக்கத்தை வெட்டினார். தவில்காரரிடம் ஆட்டுத்தோல், தட்டாரிடம் அரக்கு வாங்கி வந்தார். இருபதுக்கு மேல் மூடி. விளக்கு வைக்கிற வரைக்கும், மாமியார் கண்ணில் படாமல் கொல்லையில் உட்கார்ந்து, நான் வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுத்தேன், அவர் அரக்கைச் சூடுபண்ணி ஒட்டினார்.

மறுநாள் கோட்டின் ஓட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு ஊர்வலத்தில் ஊதினார். தேனாக ஊதினார். அடிச் சுரம் மட்டும் "கொர்" என்றது. மாப்பிள்ளை வீட்டுத் தெலுங்குக்காரர் ஒருவர், அது ஏதோ பிரெஞ்சு சங்கதி என்று நினைத்து, மூன்று தரம் திரும்பக் கேட்டு வாங்கினார்.

ஊர் திரும்பியதும் மாமியார் பார்த்துவிட்டாள். "பூவெல்லாம் தேஞ்சி கெடக்குதே, எவ கைய வெச்சா?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நகர்ந்தேன்.

"நான்தான் அண்ணி. பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டேன்" என்றார் அவர்.

சவரக்கடை, காப்பி கிளப்பு, பள்ளிக்கூட வாசல் என்று எங்கே போனாலும், "இன்னா, பாத்திரம் தேச்சாச்சா?" என்று பல வருஷம் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். சாகிற வரைக்கும் மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கவிதா, பாட்டி சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? தேச்சது நான்தான்னு சொன்னேன் பாரு, அத்த மட்டும் படிச்சிக் காட்டு. கொஞ்சம் சத்தமா படி, மேல போயிட்ட என் சின்ன மாமனாருக்கும் கேக்கட்டும்.