தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்ட மாப்பிள்ளை

நான் ஒருமுறை கைதானவன். இதை நான் மறைத்ததே கிடையாது. மறைக்காமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலம் போகிற வழியில் ஒரு கள்ளுக்கடை முன்னால் மறியல் நடந்தது. போலீசார் பத்துப் பேரை வண்டியில் ஏற்றினார்கள். ஒன்பது பேர் கடைக்கு வெளியே நின்று கோஷம் போட்டவர்கள். நான் உள்ளேயிருந்து வெளியே வந்தவன். (அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டிருந்தேன். குளிருக்கு அதுதான் மருந்து என்று எவனோ சொன்னான்.) அவர்களுக்கு ஜெயில். எனக்கு மட்டும் குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்ததாகத் தனி வழக்கு. ‘கோர்ட்டு கலையும்வரை காவல்’ என்று தண்டனை. சாயங்காலம்வரை கோர்ட்டு மூலையில் நின்றுவிட்டு எங்கள் ஊர் வடகரைக்கு நடந்தே வந்து சேர்ந்தேன்.

மறுநாளே ஒரு கதர்ச் சட்டை தைத்துக்கொண்டேன். “கள்ளுக்கடை மறியல்ல கைதானேன். தண்டனையும் அனுபவிச்சேன்” என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்!

அந்தப் பேச்சில்தான் தென்காசியில் எனக்குப் பெண் கிடைத்தது. கோமதியின் அப்பா தேசத்துக்காகக் கைதானவனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்றிருந்தவர். ஒரு வாய்க்கால் வழக்குக்காகப் பல வருஷமாகக் கோர்ட்டு வாசலிலேயே கிடந்தவர். கோமதி ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும் மாமா சொன்னார்: “மாப்ள, மனு போட்டா எந்த வழக்குத் தீர்ப்பையும் நகல் எடுத்துக்கிடலாமாம்லா! உங்க தீர்ப்பக் கண்ணாடி போட்டுக் கல்யாணப் பந்தல்ல மாட்டணும்னு எனக்கு ஒரு ஆச.”

அந்தத் தீர்ப்பு அவர் கைக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும்.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கைதானவர்கள் பெயர் எழுதிய ரிஜிஸ்தரைப் பொதுஜனங்கள் பார்க்கலாமா என்று கேட்டேன். “கண்டவனுக்கெல்லாம் காட்டுததுக்கா எழுதி வச்சிருக்கோம்? நீ எதுக்குலே கேக்க?” என்று ஏட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். பாதி நிம்மதியோடும் முழு ஓட்டத்தோடும் வெளியே வந்தேன்.

ஆனால் கோர்ட்டில் கதை வேறு. ஆமாம், மனு போட்டால் நகல் கிடைக்கும். அப்போது என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. மாமாவுக்கு முன்னால் நானே அந்த நகலை வாங்கிவிட்டால் அவருக்குக் கிடைக்காதே! (சிரிக்காதீர்கள். நகல் என்பது கடையில் கடைசியாக மிஞ்சிய வேட்டி மாதிரி என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.) என் வழக்கு நம்பரைக் குறித்து மனுவை எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

“இனிமே வேற யாருக்கும் இது கெடைக்காதுல்லா?” என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “அசல் பெட்டியில கெடக்கும்வே. எத்தன பேரு கேட்டாலும் நகல் எழுத வேண்டியதுதான். ஆனா வழக்கு நம்பர் தெரியாம எவனாலயும் தேட முடியாது.”

“அப்பாடா!”

“ஒம்ம நம்பர் நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சிரும். மனு போட்டவங்க பேரையும் வழக்கு நம்பரையும் எழுதி வெளிப்பலகையில ஒட்டுவோம்.”

மனுவைத் திருப்பிக் கேட்டேன். முத்திரை குத்தியாகிவிட்டது என்றார். அந்தப் பலகையைத் தினமும் வரி விடாமல் படிக்கிற ஒரே ஆத்மா தென்காசியில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா படித்தார். பூரித்துப் போனார். மாப்பிள்ளைக்கு எதற்கு அலைச்சல் என்று முத்திரைத்தாளைத் தானே வாங்கிக் கொடுத்து நகலையும் வாங்கிவிட்டார். அது இங்கிலீஷில் இருந்ததால், நிச்சயதார்த்தத்தன்று சபையில் படித்துத் தமிழில் சொல்ல அந்தக் குமாஸ்தாவையே அழைத்துவந்தார்.

நான் குமாஸ்தாவை ஓரமாக இழுத்தேன். “அதுல என்ன இருக்குன்னு தெரியுமாவே?”

“நகல் எழுதுததுதான் என் வேல. படிச்சா எழுத்து பெசகிரும்.”

சபையில் உட்கார்ந்து படித்தார். தேதி, இடம், என் பெயர், என் அப்பா பெயர். ஒவ்வொன்றுக்கும் மாமா சபையைப் பார்த்துத் தலையாட்டினார். “எதிரியாகிய இவர் மேற்படி கடையின் உள்ளிருந்து, நிற்க முடியாத நிலையில் வெளியே வந்து, மறியல் செய்த தொண்டர் ஒருவர்மேல் விழுந்து...” குமாஸ்தா நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, அதே வரியை மறுபடி படித்தார். ஒருமுறை போதாதா?

மாமா தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எந்திரிங்க எல்லாரும்” என்றார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது. “அப்பா, ஒரு நிமிஷம். குத்தத்த ஒத்துக்கிட்டாரா, இல்லன்னாரான்னு அதுல போட்டிருக்கா?”

குமாஸ்தா தாளைப் புரட்டினார். “உடனே ஒத்துக்கிட்டாருன்னு இருக்கு.”

“அப்போ கேட்டா உண்மையச் சொல்லுத ஆளுதான். நம்மதான் யாரும் கேக்கல. இனிமே நான் கேட்டுக்கிடுதேன்.”

தாம்பாளம் மெல்ல நடுவுக்கு வந்தது.

அன்று ஆரம்பித்தது. நான் பிந்தி வந்தாலும், கடையில் சொன்னதை மறந்து வந்தாலும், “ஒத்துக்கிடுதீரா?” என்பாள். பிள்ளைகளும் அதையே படித்துக்கொண்டார்கள். இப்போது பேரன்கள் ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டு ஓடிவந்து என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். என்ன குற்றம் என்று விசாரிப்பதற்குள் என் தலை ஆடிவிடுகிறது.