கயாக்கின் அடியில் ஒரு தேசிக்காய்

யாராவது என்னைப் பாராட்டினால் உள்நோக்கம் என்னவென்று தேடுவேன். பிறவிச் சந்தேகம். (மனைவி இதை வியாதி என்பாள்.)

மிச்சம் என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொலின், வெள்ளைக்காரர். அவரும் நானும் சேர்ந்து மரச்சட்டத்தில் ஒரு கயாக், அதுதான் ஓராள் துடுப்புப் படகு, செய்தோம். அதாவது, அவர் செய்தார், நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஞ்சியது அதற்குக் கன்வஸ் துணி போர்த்தும் வேலை. துணியை நனைத்து, இழுத்துப் பிடித்து, மேற்பக்கம் நடுவால் தைக்கவேண்டும். காய்ந்தால் மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். பிறகு தண்ணீர் புகாமல் பெயின்ற். முன்பாதி நான் தைத்தேன், பின்பாதி அவர்.

"என்ன அழகு! உன்னுடைய தையல் என்னுடையதை விட நேர்த்தி" என்றார் கொலின். மறுநாளும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அதையே சொன்னார். எனக்குப் பகீரென்றது. காரணமில்லாமல் ஒரு மனிதன் இப்படிப் புகழுவானா?

"புகழுற வாயாலேயே நாவூறு பட்டிடுமப்பா" என்றேன் மனைவியிடம்.

"அந்தாள் பாவம். உங்களுக்குத்தான் விசர்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அதைப் பார்க்க ஹவுன்ஸ்லோவிலிருந்து மனைவியின் தம்பி வருவதாக இருந்தான். "உங்களுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதே அத்தான்" என்று சிரித்தவன். அவன் முன்னால் மானம் போகக்கூடாது. நாவூறு கழியத் தேசிக்காயையும் பச்சை மிளகாயையும் கோத்து, கொலின் கண்ணில் படாதபடி கயாக்கின் அடியில், முன்பக்கம், கன்வஸோடு சேர்த்து மரத்தில் ஆணி அடித்தேன். (அடிக்கத் தெரியும்!)

ஆற்றங்கரைச் சீமெந்துச் சரிவில் கயாக்கை இழுத்தபோது அடியில் ஏதோ கிறீச்சிட்டது. நான் கவனிக்கவில்லை; மைத்துனனின் போனுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் தனியே ஏறிக் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் காற்சட்டை குளிர்ந்தது. பிறகு இடுப்பு.

"கொலின், உன்னுடைய தையல் விட்டிட்டுது!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "வேணுமெண்டே செய்திருக்கிறான்!" என்று தமிழில் கத்தினேன்.

அவர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, என்னையும் கயாக்கையும் கரைக்கு இழுத்து வந்தார். கவிழ்த்துப் பார்த்தோம். அவருடைய தையலில் ஒரு நூல் அசையவில்லை. அடியில்தான் கன்வஸ் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலின் நுனியில், நசிந்த தேசிக்காயோடு என் ஆணி.

"இது என்ன?" என்றார் கொலின்.

மனைவி ஒன்றையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் விளக்கினாள். நாவூறு, புகழ்ச்சி, என் சந்தேகம், எல்லாம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஈரக் காற்சட்டையோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அப்படியானால் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்?" என்று மட்டும் கேட்டார். அதையும் மனைவியே சொல்லிக்கொடுத்தாள்.

போன வருடம் மகளின் கலியாணம். வந்தவர்களெல்லாம் 'பொம்பிளை வடிவு, நல்ல வடிவு' என்று வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருக்க, கொலின் மணவறைக்கு முன்னால் வந்து நின்று, மண்டபத்துக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார்: "பொம்பிளை வடிவே இல்லை!"

மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.